பழைய ஹோம் தியேட்டர்: ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட் வாங்கிப் பத்து வருடம் தாண்டிவிட்டது. ஏதோ ஒன்று மக்கர் செய்கிறது. மொத்தமாக மாற்றிவிடலாமா?

அந்த "மொத்தமாக"வில்தான் பணம் வீணாகிறது. ஹோம் தியேட்டர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே பொருள் இல்லை. ஸ்பீக்கர், ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப்), திரை, படத்தையும் ஒலியையும் பிரித்துக் கொடுக்கும் மின்னணு போர்டு எல்லாம் ஒரே அலமாரியில் குடித்தனம் நடத்துகின்றன, அவ்வளவுதான். (ஆம்ப்பும் அந்த போர்டும் சேர்ந்த பெட்டியைத்தான் ரிசீவர் என்கிறோம்.) எல்லாம் ஒரே வேகத்தில் கிழடு தட்டுவதில்லை. நல்ல ஸ்பீக்கர் மரச்சாமான் போல: இருபது, முப்பது வருடம் உழைக்கும். ஆம்ப்ளிஃபயர் மோட்டார் போல: உள்ளே சில பாகங்கள் தேயும், மாற்றினால் மறுபடி ஓடும். எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும் இணைப்பு) போர்டும் ஸ்மார்ட் டிவியின் மென்பொருளும் காய்கறி போல: ஒன்றுமே உடையாவிட்டாலும் நாலைந்து வருடத்தில் வாடிவிடும்.

கெட்டுப்போனதா, காலாவதியானதா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். கெட்டுப்போனதைச் சரிசெய்ய வழி உண்டு. காலாவதியானதை எந்த சாலிடரிங் அயர்னாலும் சரிசெய்ய முடியாது. ஆனால் பல நேரம் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கும்.

எந்தப் பாகத்தில் கோளாறு என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

இடம் மாற்றிப் பார்ப்பதுதான் வழி. இடது ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவரை அணைத்து, ப்ளக்கை உருவிவிட்டு, ரிசீவரின் பின்பக்கத்தில் இடது ஒயரையும் வலது ஒயரையும் மாற்றிச் செருகுங்கள். மறுபடி போட்டால் இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டதா? கோளாறு ரிசீவரில். அதே இடது ஸ்பீக்கர்தான் இன்னும் ஊமையா? கோளாறு ஒயரிலோ ஸ்பீக்கரிலோ. அடுத்து ஒயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். படத்துக்கும் இதே கதைதான்: கேபிளை மாற்று, டிவியின் வேறு சாக்கெட்டில் செருகு, பிளேயரை நேரடியாக டிவியில் மாட்டு. கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் கடைக்குத் தூக்கிப்போய், கேபிளை மாற்றியதற்குச் சர்வீஸ் கட்டணம் கட்டியவர்கள் நிறைய. நானும் ஒருமுறை கட்டியிருக்கிறேன்.

ரிசீவரைப் போட்டதும் ஒரு பக்கம் சத்தமே இல்லை. வால்யூமை நன்றாகக் கூட்டினால் திடீரென்று வந்துவிடுகிறது. போர்டு போச்சா?

பெரும்பாலும் இல்லை. ரிசீவரைப் போட்ட சில நொடிகளில் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும் அல்லவா? அதுதான் ரிலே. ஆம்ப் நிலைபெற்ற பிறகே ஸ்பீக்கரை இணைக்கும் சின்ன சுவிட்ச். வருடக்கணக்கில் அதன் முனைகளில் கறுப்புப் படியும். மெல்லிய சத்தத்துக்கான குறைந்த மின்சாரம் அந்தப் படிவைத் தாண்டாது. வால்யூமைக் கூட்டினால் முட்டித் தள்ளிக்கொண்டு போய்விடும். அறிகுறி இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போனால் ரிலேயைச் சந்தேகியுங்கள்.

என் ரிசீவருக்கு இது வந்தபோது முதலில் காட்டிய இடத்தில் "மெயின் போர்டு மாத்தணும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்கள். இரண்டாவதாகக் காட்டியவர் மூடியைக் கழற்றி, ரிசீவரை ஓடவிட்டு, மரக்குச்சியால் ரிலேயின் தலையில் லேசாகத் தட்டினார். சத்தம் வந்தது. ரிலேயை மாற்றிப் பல வருடமாகிறது, இன்னும் ஓடுகிறது. (தட்டும் வேலை அவருடையது. நீங்கள் செய்யாதீர்கள்; காரணம் கீழே இருக்கிறது.)

வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று கேட்டால் அது இன்னும் சின்ன விஷயம். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை உள்ளே போகும்படி அடித்து, குமிழை இருபது தடவை முன்னும் பின்னும் திருப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆன் ஆகிறது, ஆனால் நாலைந்து நொடியில் தானாக அணைந்துவிடுகிறது.

ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. முதலில் எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் பின்னாலிருந்து கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். இப்போது அணையாமல் நின்றால் ரிசீவர் மேல் பழியில்லை. ஒயரில் எங்கோ ஷார்ட். டார்ச் அடித்து டெர்மினல்களை உற்றுப் பாருங்கள். சிவப்பு டெர்மினலிலிருந்து தலைமுடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை நழுவி, பக்கத்துக் கறுப்பு டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதை முறுக்கி உள்ளே விட்டால் முடிந்தது.

ஒயர் எதுவும் இல்லாமலேயே அணைந்தால் உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம், அல்லது பவர் சப்ளையில் கோளாறு. இரண்டுமே சரிசெய்யக்கூடியவைதான். அரை மணி நேரம் ஓடிய பிறகு அணைந்தால் சூடு. மேல்மூடியின் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா, அதன் மேல் வேறு ஏதாவது பெட்டி ஏறி உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

கெபாசிட்டர் உப்பிவிட்டது என்கிறார்களே, அது என்ன?

போர்டில் சின்ன டப்பா மாதிரி நிற்கும் எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களுக்குள் திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல வற்றும். சுற்றியுள்ள வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. காற்றோட்டமில்லாத கண்ணாடி அலமாரிக்குள் வைத்த ரிசீவர் சீக்கிரம் சாவதற்கு இதுதான் காரணம். தட்டையாக இருக்க வேண்டிய தலை பூரி மாதிரி உப்பியிருந்தால், அல்லது அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தால், அது போய்விட்டது. போட்டவுடன் எழுந்திருக்க நேரம் எடுப்பது, ஸ்பீக்கரில் "ஊம்ம்" என்ற தொடர் இரைச்சல், காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆவது எல்லாம் இதன் வேலையாக இருக்கலாம். உதிரிப்பாகங்களிலேயே மலிவானது இதுதான். இதற்காக ஒரு நல்ல ஆம்ப்பைத் தூக்கிப் போடுவது பாவம்.

சப்வூஃபர் பட்பட்டென்று அடிக்கிறது. பாஸ் வந்தால் கிழிந்த சத்தம்.

முன்பக்கத் துணியைக் கழற்றி, கோனை (அதிர்ந்து சத்தம் தரும் கூம்பு) சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பஞ்சு (ஃபோம்) வளையமாக இருந்தால், பத்துப் பதினைந்து வருடத்தில் தொட்டாலே பிசுபிசுப்பான கறுப்புத் தூளாக விரலில் ஒட்டிக்கொண்டு வரும். காற்றின் ஈரமும் வெயிலும் அதைத் தின்றுவிடுகின்றன. ஓட்டாமல் மூடி வைத்திருந்தாலும் தப்பாது. ரப்பர் வளையம் இதைவிடப் பல மடங்கு உழைக்கும்.

பஞ்சு போனால் ஸ்பீக்கர் போனதாக அர்த்தமில்லை. அளவுக்கேற்ற புது வளையம் கிடைக்கும். பழையதைச் சுரண்டி எடுத்து, விளிம்பைச் சுத்தம் செய்து, பசை தடவி ஒட்ட வேண்டும். நுணுக்கம் ஒரே இடத்தில்தான்: பசை காய்வதற்குள் கோன் சரியாக நடுவில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கோனின் அடியில் உள்ள கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) காந்தத்தின் இடுக்கில் உரசும். அதனால் இரண்டு கை விரல்களையும் எதிரெதிரே வைத்துக் கோனைச் சமமாக அழுத்தி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். சத்தமே இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்தால் சரி. மணலில் கால் வைத்தது போல நறநறவென்றால், பசை காயும் முன் கொஞ்சம் நகர்த்துங்கள். பொறுமைசாலிகள் வீட்டிலேயே செய்யக்கூடிய மிக நல்ல ரிப்பேர் இது.

வளையம் நன்றாக இருந்து, விளக்கு எரியாமல், சத்தமும் வராமல் இருந்தால் பின்பக்கத்தில் மாட்டியிருக்கும் ஆம்ப் தகடு போயிருக்கும். பெட்டியின் அதிர்விலேயே வாழ்வதால் அதில் சாலிடர் விடுவது சகஜம். தகட்டை மட்டும் மாற்றலாம். அதுவும் முடியாவிட்டால் அதைக் கழற்றிவிட்டு, வெளியே தனி ஆம்ப் வைத்து ஓட்டலாம்.

மற்ற ஸ்பீக்கர்கள் நன்றாக இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளை ஸ்பீக்கரின் டெர்மினலில் ஒரு கணம் தொடவைத்து எடுங்கள். "பட்" என்று கோன் துள்ளினால் வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய கோன்) உயிரோடு இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 ஓம் காட்டும். அது கோளாறு அல்ல, நேர்மின்சாரத்தில் அப்படித்தான் காட்டும். உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை இந்த வழியில் சோதிக்க முடியாது, அதன் வழியில் ஒரு கெபாசிட்டர் குறுக்கே நிற்கிறது. பழகிய பாட்டைப் போட்டுவிட்டு, அட்டைக் குழாய் ஒன்றைக் காதில் வைத்து ட்வீட்டருக்குப் பக்கத்தில் கேளுங்கள். தாளத்தின் ஜல்ஜல் வராவிட்டால் ட்வீட்டர் போச்சு. அதே மாடல் ட்வீட்டர் கிடைத்தால் மாற்றலாம். ஏதோ ஒன்றைப் போட்டால் இடதும் வலதும் இரண்டு ஊர் பேச்சாகிவிடும்.

ரிசீவர் அருமையாகப் பாடுகிறது. ஆனால் புது 4கே டிவிக்கும் பிளேயருக்கும் நடுவில் வைத்தால் திரை கறுப்பாகிறது. தூக்கிப்போட வேண்டியதுதானா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது, பதில்: இல்லை.

எச்டிஎம்ஐ என்பது ஒரே சாக்கெட்டாகத் தெரிந்தாலும் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்தது. 2009இல் வந்த 1.4 பதிப்பு 4கே படத்தை நொடிக்கு 30 பிரேம் வரைதான் தாங்கும். 2013இல் வந்த 2.0 அதை 60 ஆக்கியது. 2017இல் வந்த 2.1 நொடிக்கு 48 கிகாபிட் வரை தாங்கும், 4கே 120 பிரேமும் போகும். இதோடு எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டும் சேர்ந்துகொண்டது. சங்கிலியில் ஒரே ஒரு கருவிக்கு அந்தச் சாவி தெரியாவிட்டாலும் 4கே படம் போகாது. கறுப்புத் திரை வரும், அல்லது தரம் குறைந்த படம் வரும். உங்கள் ரிசீவர் உடைந்துபோகவில்லை. அதற்குப் புது மொழி தெரியவில்லை.

தெரியாதவரை நடுவில் நிறுத்தாமல் ஓரமாக உட்காரவைப்பதுதான் வழி. எல்லாக் கருவியையும் நேரடியாக டிவியில் மாட்டுங்கள். டிவியிலிருந்து ஒலியை மட்டும் ரிசீவருக்கு அனுப்புங்கள். ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட் அருகில் ஏஆர்சி (டிவியின் ஒலியை அதே கேபிளில் திருப்பி அனுப்பும் வசதி) என்று எழுதியிருந்தால் அந்தக் கேபிளே போதும். அதுவும் இல்லாத பழசா? ஆப்டிகல் கேபிள். அதில் டால்பி டிஜிட்டல் 5.1 தாராளமாகப் போகும். டிஸ்க்கில் வரும் ட்ரூஎச்டி போன்ற தரம் குறையாத ஒலி போகாது. அதற்கு அந்தக் கேபிளின் கொள்ளளவு போதாது. ஸ்ட்ரீமிங்கில் மட்டும் படம் பார்ப்பவர் இந்த வித்தியாசத்துக்காகக் கவலைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. டிஸ்க் சேகரிப்பவர் என்றால், பல 4கே ப்ளூ-ரே பிளேயர்களில் இரண்டு எச்டிஎம்ஐ அவுட் இருக்கும்: ஒன்று படத்துக்கு டிவிக்கு, இன்னொன்று ஒலிக்கு மட்டும் ரிசீவருக்கு. அப்படி மாட்டினால் பழைய ரிசீவரிலும் முழுத்தர ஒலி கிடைக்கும்.

அப்படியானால் ரிசீவரை எப்போதுதான் மாற்றுவது?

தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ், டிடிஎஸ் எக்ஸ் வேண்டும், கூரையில் ஸ்பீக்கர் மாட்டப்போகிறேன் என்று உண்மையிலேயே முடிவு செய்திருந்தால். அட்மாஸ் வீட்டு ரிசீவர்களுக்கு 2014இல்தான் வந்தது. அதற்கு முந்தையதில் சேர்க்க வழியில்லை. எச்டிஎம்ஐ போர்டே எரிந்து, உதிரிபாகமும் கிடைக்காவிட்டால். 120 பிரேமில் கேம் ஆடுபவர் என்றால் யோசிக்கலாம், ஆனால் கன்சோலை நேரே டிவியில் மாட்டினால் அதற்கும் அவசியமில்லை.

மாற்றினாலும் பழையதை உடனே விற்காதீர்கள். புது ரிசீவரில் ப்ரீ அவுட் (பெருக்காத ஒலியை வெளியே தரும் சாக்கெட்டுகள்) இருந்து, பழையதில் அதை வாங்கிக்கொள்ளும் பலவழி அனலாக் இன்புட் இருந்தால், பழையது ஒலியைப் பெருக்க மட்டும் செய்யும் பவர் ஆம்ப்பாக இன்னும் பத்து வருடம் உழைக்கும்.

டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை.

அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையில் ஒட்டினாற்போல் சாய்த்து அடியுங்கள். நிழல் மாதிரி படம் நகர்வது தெரிந்தால் பேனல் நலம், பேக்லைட்தான் அணைந்துவிட்டது. உள்ளே எல்இடிகள் தோரணம் போல வரிசையாகக் கோத்திருக்கும். ஒன்று அணைந்தால் அந்த வரிசையே அணையும். பட்டையை மாற்றினால் சரியாகிவிடும். மாற்றுவது என்று வந்தால் எல்லாப் பட்டைகளையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்று போன வயதுதான் மற்றவற்றுக்கும். பெரிய திரை என்றால் கண்ணாடி போன்ற பேனலைத் தூக்கி வைக்கும்போது உடையும் அபாயம் உண்டு, அந்தப் பொறுப்பு யாருடையது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சரியான பிறகு பேக்லைட் அளவை நூறிலிருந்து அறுபது எழுபதுக்கு இறக்கி வையுங்கள்.

பேனலிலேயே விரிசல் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். டிவியின் விலையில் பெரும்பகுதி பேனல்தான்.

ஆப் திறக்கவில்லை, "இந்தச் சாதனத்தில் இனி இயங்காது" என்று வந்தால் டிவியை மாற்றாதீர்கள். ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று போதும்.

ப்ரொஜெக்டர் மங்கிவிட்டது.

முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசியைத் தட்டுங்கள். பிறகு மெனுவில் லேம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். பாதரச லேம்ப் பெரும்பாலும் 2,000 முதல் 5,000 மணி நேரம் வரை. அந்தக் கணக்கும் வெளிச்சம் பாதியாகக் குறையும் வரைதான், ஒரேயடியாக அணையும் வரை அல்ல. தினம் இரண்டு மணி நேரம் பார்ப்பவருக்கு 3,000 மணி நேரம் என்பது நான்கு வருடம். லேம்ப் மட்டும் என்றால் தயங்காமல் மாற்றுங்கள், ஆனால் கண்டதை வாங்காதீர்கள். மட்டமான லேம்ப் உள்ளேயே வெடித்துச் சிதறும்.

லேம்ப் தவிர வேறு கோளாறும் இருந்தால்தான் கணக்கு மாறுகிறது. டிஎல்பி வகையில் திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் நாளுக்கு நாள் பெருகினால் சிப்பில் உள்ள நுண்கண்ணாடிகள் சிக்கிக்கொள்கின்றன. எல்சிடி வகையில் ஓரிடத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ கறை படிந்தால் உள்ளே ஒளிவடிகட்டித் தகடு வெந்திருக்கிறது. அவற்றோடு லேம்ப்பும் முடியும் தறுவாயில் இருந்தால், நான் புதிது வாங்குவேன். லேசர் ஒளி உள்ளவை 20,000 மணி நேரம் என்ற கணக்கில் வருகின்றன.

டிஸ்க் பிளேயர் படிக்க மறுக்கிறது.

டிவிடி ஓடுகிறது, ப்ளூ-ரே மட்டும் ஓடவில்லையா? இரண்டுக்கும் வேறு வேறு லேசர். ப்ளூ-ரேயின் 405 நானோமீட்டர் நீல லேசர் சோர்ந்திருக்கும். எதுவுமே ஓடவில்லை என்றால் லென்ஸில் தூசியாக இருக்கலாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒரு துடைப்பு. தட்டு வெளியே வராமல் முக்கினால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், அது ரிப்பேரே இல்லை, ஐந்து நிமிட வேலை. ப்ளூ-ரே பிளேயர் தயாரிப்பவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருவதால், ஓடுகிற நல்ல பிளேயரைக் கொஞ்சம் செலவு செய்தாவது காப்பாற்றுங்கள்.

எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வந்த செட் எங்களுடையது.

இதில் மட்டும் என் பேச்சு மாறும். அந்த செட்களில் ஸ்பீக்கரின் மின்தடை பெரும்பாலும் 3 அல்லது 4 ஓம். ப்ளக் அந்த நிறுவனத்துக்கே உரியது. சப்வூஃபருக்கான ஆம்ப்பும் மெயின் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெட்டி போனால் ஸ்பீக்கர்கள் அநாதை. 6 ஓமுக்குக் கீழே கூடாது என்று சொல்லும் ரிசீவரில் அவற்றை மாட்டினால் ரிசீவரும் சூடேறி அணையும். சின்னக் கோளாறு என்றால் சரிசெய்யுங்கள், மெயின் போர்டு என்றால் விட்டுவிடுங்கள்.

ரிமோட்?

போன் கேமராவுக்கு முன்னால் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். ஊதா வெளிச்சம் மினுங்கினால் ரிமோட் நலம். (சில போன்களில் முன் கேமராவில்தான் தெரியும்.) பேட்டரி ஒழுகி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வினிகர் தொட்டுத் துடையுங்கள்.

நானே மூடியைக் கழற்றலாமா?

தூசி தட்ட, பெல்ட் மாற்ற, பஞ்சு வளையம் ஒட்ட, சரி. பவர் சப்ளை பக்கம் வேண்டாம். 230 வோல்ட் மின்சாரம் உள்ள இடத்தில் ஸ்விட்சிங் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ப்ளக்கை உருவிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். ப்ளக்கை உருவிவிட்டோமே என்ற தைரியத்தில்தான் அடி வாங்குகிறார்கள்.

ரிப்பேர் செலவு எவ்வளவு வரை போகலாம்?

புதிதின் விலையில் பாதி என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஸ்பீக்கருக்குப் பாதிக்கு மேலேயும் போவேன், நல்ல ஆம்ப்புக்குப் பாதி வரை, டிவிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகமாட்டேன். ஒப்பிடும்போது அதே தரத்துப் புதியதோடு ஒப்பிடுங்கள். பத்து கிலோ ரிசீவரையும் கையில் தூக்கும் சவுண்ட்பாரையும் ஒப்பிட்டால் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும்.

மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தப் பாகம் போயிருக்கிறது, கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா, எத்தனை நாள் உத்தரவாதம். "போர்டு போச்சு" என்று மட்டும் சொல்லி நிறுத்துபவரிடமிருந்து பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

ஸ்பீக்கர், தாராளமாக. பவர் ஆம்ப், அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். ரிசீவர் என்றால் எல்லா எச்டிஎம்ஐ சாக்கெட்டிலும் படம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். ப்ரொஜெக்டர், லேம்ப் மணி நேரத்தைப் பார்க்காமல் வேண்டாம். பிளாஸ்மா டிவி வேண்டவே வேண்டாம். பெரிய நிறுவனங்கள் 2013, 2014 வாக்கில் தயாரிப்பை நிறுத்திவிட்டன, பேனல் போனால் கதை முடிந்தது.

பழையதை என்ன செய்வது?

ஓடாத ரிசீவராக இருந்தாலும் அதே மாடல் வைத்திருப்பவருக்கு அது உதிரிபாகக் கிடங்கு. "ஓடவில்லை" என்று சொல்லியே கொடுங்கள், வாங்க ஆள் இருக்கும். ப்ரொஜெக்டர் லேம்ப்பை மட்டும் குப்பையில் போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. உடையாமல் அதன் பெட்டியிலேயே வைத்து, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.